கூழைக்கடாவுக்குச் சொந்த ஊர் இதுதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில், 'ஆஸ்திரேலியா, சைபீரியாவிலிருந்து கூழைக்கடா, நத்தைகுத்தி நாரைகள் வேடந்தாங்கலில் குவிந்தன' என்று செய்தி போட்டிருந்தீர்கள்.

அன்று காலை அதே ஏரிக்கரையில்தான் பேரனோடு நின்றிருந்தேன். கார்த்திகை பிறந்து நாலு நாள். கடப்ப மரங்கள் பாதி தண்ணீரில் முங்கி நிற்க, நத்தைகுத்திகள் சுள்ளி கவ்வி வந்து கூடு கட்டிக்கொண்டிருந்தன. "தாத்தா, இதெல்லாம் எத்தனை நாள் கடல் தாண்டிப் பறந்து வந்துச்சு?" என்றான். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் சொன்னார்களாம். வீட்டுக்கு வந்து பார்த்தால் நம் இதழிலும் அதுவே.

தாங்கள் அறியாததல்ல. கூழைக்கடா, நத்தைகுத்தி, பாம்புத்தாரா எல்லாம் இந்த மண்ணின் பறவைகள். மழையையும் ஏரித் தண்ணீரையும் பார்த்து இடம் மாறும். இங்கேயே குஞ்சு பொரிக்கும். வடக்கே குளிருக்குத் தப்பி வருபவை ஊசிவால் வாத்து, கிளுவை போன்றவை. அவை இங்கே கூடு கட்டுவதில்லை.

விருந்தாளி என்றால் சீசன் முடிந்ததும் தன் நாட்டுக்குப் போய்விடும் என்று இருந்துவிடுகிறோம். நத்தைகுத்திக்குப் போக வேறு நாடு இல்லை ஐயா. சுற்றியுள்ள குளத்திலும் வயலிலும் நத்தை பொறுக்கித்தான் குஞ்சை வளர்க்கிறது. 2020இல் ஏரியைச் சுற்றியுள்ள சரணாலய எல்லையை 5 கிலோமீட்டரிலிருந்து 3 ஆகக் குறைக்க முன்மொழிவு வந்தபோது இதைத்தான் தங்களுக்கு எழுதினேன். அந்தக் கடிதம் வெளிவரவில்லை. வருடா வருடம் 'பறவை வரத்து குறைவு, பயணிகள் ஏமாற்றம்' என்ற தலைப்பு மட்டும் தவறாமல் வருகிறது. ஏரிக்கு எவ்வளவு தண்ணீர் வந்தது என்று ஒரு வரி இருக்காது.

பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் எருவே வேண்டாம் என்பார் என் அப்பா. 1798லேயே கலெக்டர் லயோனல் பிளேஸிடம் சொல்லி, பறவைகளைச் சுடக்கூடாதென்று உத்தரவு வாங்கிய ஊர் வேடந்தாங்கல். தீபாவளிக்கு வெடி வெடிக்காத சனங்கள். அவர்களைப் பற்றித் தங்கள் செய்தியில் ஒரு சொல் இல்லாதது மனதை வருத்துகிறது.

28 வருடமாகத் தங்கள் இதழை வாங்குகிறேன். ஒரு வரித் திருத்தம் வெளியிட்டால் போதும். கத்தரித்துப் பேரனின் நோட்டில் ஒட்டிக் கொடுப்பேன், அவன் டீச்சரிடம் காட்டட்டும்.

தங்கள் வாசகர்,
மதுராந்தகம்