ஒரு பிடி மாவு

அன்புத் தோழிக்கு,

ஸ்தோத்திரம். உன் அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் சுகம். தண்டையார்பேட்டையில் வெயில்தான் தாங்க முடியவில்லை.

திக்கற்றவர்களை ஆண்டவர் விசாரிக்கிறார் என்று சங்கீதத்தில் வாசிக்கிறோமே, அது எங்கே கண்ணுக்குத் தெரிகிறது என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வியோடுதான் ஒன்று ராஜாக்கள் 17ஆம் அதிகாரத்தைத் திரும்பவும் வாசித்தேன்.

பஞ்சத்தில் எலியா தீர்க்கதரிசியை முதலில் காகங்கள் போஷித்தன. கேரீத் ஆறு வற்றியதும் கர்த்தர் அவரை அனுப்பியது எங்கே என்று பார். பணக்காரர் வீட்டுக்கு இல்லை, இஸ்ரவேலுக்குள்ளேயும் இல்லை. எலியாவுக்குப் பகையான ராணி யேசபேலின் தகப்பன் ஆண்ட சீதோன் நாட்டில், சாறிபாத்தில், ஒரு விதவையிடம். அவளிடம் இருந்தது பானையில் ஒரு பிடி மாவும் கலசத்தில் கொஞ்சம் எண்ணெயும். அதைச் சுட்டுத் தானும் மகனும் சாப்பிட்டுவிட்டுச் செத்துப்போகலாம் என்று விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் "முதலில் எனக்கு ஒரு சின்ன அடை" என்று கேட்கிறார் எலியா. சின்ன வயதிலிருந்தே எனக்கு இந்த இடம் நெருடும். இப்போது வேறொன்று தெரிகிறது. எல்லாரும் கைவிட்ட அந்தப் பெண்ணைக் கர்த்தர் கொடுக்கிறவளாகப் பார்த்தார். தீர்க்கதரிசியின் பசியும் அவள் பிள்ளையின் பசியும் ஒரே பானையிலிருந்து தீர்ந்தன. மழை வரும்வரை மாவு குறையவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இதைத்தான் கண்ணால் பார்த்தேன். எங்கள் தெருவில் முதலில் உலை வைத்தது மாடி வீட்டுக்காரர்கள் இல்லை. இட்லிக்கடை வைத்திருக்கும் அக்காதான். அவர் வீட்டுக்குள்ளேயே முழங்கால் தண்ணீர். அடுப்பைத் தூக்கிப் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் வைத்து, கையிலிருந்த அரிசியைக் கஞ்சி காய்ச்சி எல்லாருக்கும் ஊற்றினார். எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து முகத்துவாரம் முழுக்கப் பரவியபோதும், படகும் வலையும் பாழான மீனவர்களே வாளியில் அந்தக் கசடை அள்ளினார்கள்.

ஆனால் ஏழைக்கு ஏழையே உதவிக்கொள்ளட்டும் என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள வேதம் இடம் தரவில்லை. வயலின் ஓரத்தை அறுக்காமல் விடு, மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, ஏழைக் கூலிக்காரனுக்குப் பொழுது சாய்வதற்குள் கூலி கொடு என்று மோசேயின் நியாயப்பிரமாணம் கட்டளையிடுகிறது. விதவையான ரூத் போவாஸின் வயலில் கதிர் பொறுக்கியது பிச்சை இல்லை, அவளுக்கு இருந்த உரிமை. பட்டினி கிடப்பவனிடம் "சமாதானத்தோடே போ" என்று சொல்லி அனுப்புவதால் என்ன பிரயோஜனம் என்று புதிய ஏற்பாட்டில் யாக்கோபும் தன் நிருபத்தில் கேட்கிறார். கூலியைப் பாக்கி வைத்துவிட்டு ஆலயத்தில் பெரிய காணிக்கை போடுகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அப்புறம், ஒரு நல்ல செய்தி. பெண்கள் ஐக்கியத்தில் பிடி அரிசியைத் திரும்பத் தொடங்கியிருக்கிறோம். நம் அம்மாமார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போடுவார்களே, அதேதான். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் விசைப்படகுகள் ஓடாது. மீன் வெட்டும் பெண்களுக்கும் ஐஸ் உடைக்கிறவர்களுக்கும் வேலை குறைந்துவிடும். அந்த வீடுகளுக்குத்தான் இந்த அரிசி. இட்லிக்கடை அக்கா ஆலயத்துக்கு வருகிறவர் இல்லை, ஆனாலும் வாராவாரம் தன் பங்கைக் கொண்டுவந்து தந்துவிடுகிறார்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போயேன். ஆராதனை முடிந்ததும் அரிசி பிரித்துக் கட்ட ஆள் போதவில்லை. அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

உன் தோழி,
தண்டையார்பேட்டை