பீட்டர் வலாண்டிஸ் அவர்களுக்கு: இருபதாவது அணியைக் கிரைஸ்ட்சர்ச்சுக்குக் கொடுங்கள்

ஆஸ்திரேலிய ரக்பி லீக் ஆணையத்தின் தலைவர், மதிப்பிற்குரிய பீட்டர் வலாண்டிஸ் அவர்களுக்கு,

வணக்கம். மேற்குச் சிட்னியின் துங்காபியில் குடியிருக்கும் தமிழன் நான். ரக்பி லீக் எங்கள் வீட்டுக்குள் வந்தது இங்கே பள்ளிக்குப் போன என் பிள்ளைகள் வழியாகத்தான். நாங்கள் ஆதரிக்கும் பராமட்டா ஈல்ஸ் 1986க்குப் பிறகு கோப்பையைத் தொட்டதில்லை என்பதால், காத்திருப்பதைப் பற்றிப் பேச எங்களுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

2023இல் டால்பின்ஸ் சேர்ந்தபோது என்ஆர்எல் எனப்படும் தேசிய ரக்பி லீக் தொடரின் அணிகள் 17 ஆயின. 2027இல் பெர்த் பேர்ஸ், 2028இல் பப்புவா நியூ கினி என்று நீங்கள் அறிவித்தபடி நடந்தால் 19 ஆகும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் வாரந்தோறும் ஓர் அணியாவது ஆட்டமின்றி உட்கார வேண்டும் என்பதால் இருபதாவது அணி எப்படியும் வரும். அதைக் குயின்ஸ்லாந்தில் பிரிஸ்பேனுக்கு அருகிலுள்ள இப்ஸ்விச்சுக்குக் கொடுக்கலாம் என்பாரும் உண்டு, நியூசிலாந்தின் தென்தீவுக்குக் கொடுக்கலாம் என்பாரும் உண்டு. நான் அந்தத் தீவின் பெருநகரமான கிரைஸ்ட்சர்ச்சின் பக்கம்.

ஆலன் லாங்கர் என்ற புகழ்பெற்ற வீரரை இந்த ஆட்டத்துக்குத் தந்த இப்ஸ்விச்சுக்குத் தகுதியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஊரார் ஏற்கெனவே நம் ஆட்டத்தின் வீட்டு மனிதர்கள். அங்கே புதிய அணி தொடங்கினால் பிரிஸ்பேன் அணிகளான பிராங்கோஸுக்கும் டால்பின்ஸுக்கும் போய்க்கொண்டிருக்கும் அதே ரசிகர்களைத்தான் மூன்றாகப் பங்கிட வேண்டியிருக்கும். குயின்ஸ்லாந்துக்கு இன்று நான்கு அணிகள், சிட்னிக்கு ஒன்பது. நியூசிலாந்து முழுவதற்கும் 1995இல் ஆக்லாந்தில் தொடங்கிய வாரியர்ஸ் ஒன்றுதான்.

அதே 1995இல் பெர்த்துக்கும் ஓர் அணி கிடைத்தது. வெஸ்டர்ன் ரெட்ஸ் என்ற அந்த அணி, தன்னோடு ஆட வரும் அணிகளின் பயணச் செலவையும் தானே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சேர்க்கப்பட்டது. கண்டத்தின் மறு கரையில் புதுக்குடித்தனம் தொடங்குபவரிடம் விருந்தினரின் விமானக் கட்டணத்தையும் வசூலித்ததற்கு ஒப்பான ஏற்பாடு அது. நியூஸ் ஊடக நிறுவனம் சூப்பர் லீக் என்ற எதிர்த் தொடரைத் தொடங்கியதால் மூண்ட சண்டையும் சேர்ந்துகொள்ள, மூன்றே பருவங்களில், 1997இல், அணி மூடப்பட்டது. அதில் ஆடிய ராபி கர்ன்ஸும் மேட் கேயரும் புதிதாக உருவான மெல்போர்ன் ஸ்டார்முக்குப் போய் 1999இல் கோப்பையை வென்றார்கள். பெர்த்தில் ஆட்டக்காரர்களுக்குக் குறைவில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? மெல்போர்ன் அணிக்கோ நியூஸ் நிறுவனம் பல ஆண்டுகள் துணை நின்றது; பெர்த்துக்கு அப்படியொரு துணை அமையவில்லை.

தென்தீவு, பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியனின் கோட்டை, குருசேடர்ஸ் அணியின் தாய்வீடு என்று உங்களிடம் பலர் சொல்லியிருப்பார்கள். அது உண்மையே. ஆயினும் மலைகளுக்கு அப்பால், மேற்குக் கரையில் கிரேமவுத்தைச் சுற்றியுள்ள நிலக்கரிச் சுரங்க ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஆடப்படுவது நம்முடைய பதின்மூவர் ஆட்டமான ரக்பி லீக்தான். நியூசிலாந்துச் சிறுவர்கள் பலர் பதின்ம வயதிலேயே வீட்டை விட்டுச் சிட்னிக்கும் பிரிஸ்பேனுக்கும் வந்து நம் அணிகளை நிரப்புகிறார்கள். அவர்களில் சிலரையாவது சொந்த ஊரிலேயே வளர்க்க முடிந்தால், 20 அணிகளுக்கு வீரர்கள் போதுவார்களா என்ற நியாயமான கவலையும் சற்றுக் குறையும். 2011 நிலநடுக்கத்தில் சிதைந்த லங்காஸ்டர் பார்க்குக்கு ஈடாக, நகரின் நடுவிலேயே 30,000 பேர் அமரக்கூடிய கூரையிட்ட அரங்கை அந்த மக்கள் எழுப்பியிருக்கிறார்கள். தொலைக்காட்சிக் கணக்கும் உங்களுக்குச் சாதகமே: ஆட்டப் பருவத்தின் பெரும்பகுதியில் நியூசிலாந்து நேரம் சிட்னிக்கு இரண்டு மணி முன்னால், பெர்த் நேரம் இரண்டு மணி பின்னால். கிரைஸ்ட்சர்ச்சில் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் எங்களுக்கு மாலை ஆறு மணி ஆட்டம்.

பப்புவா நியூ கினியைப் பற்றி ஒரு வார்த்தை. ரக்பி லீக்கைத் தேசிய விளையாட்டாகக் கொண்டாடும் நாடு அது. அதன் ஹண்டர்ஸ் அணி 2017இல் என்ஆர்எல்லுக்கு அடுத்த நிலைத் தொடரான குயின்ஸ்லாந்துக் கோப்பையையே வென்றது. எனக்கு நெருடுவது, அந்நாட்டின் புதிய என்ஆர்எல் அணிக்காக ஆஸ்திரேலிய அரசு பத்தாண்டுகளுக்கு ஒதுக்கியுள்ள 60 கோடி டாலர் வெளியுறவுக் கணக்கில் பிறந்த பணம் என்பதே. பதினோராம் ஆண்டுக்கான ஏற்பாட்டை இப்போதே எழுதி வைப்பது நல்லது.

கிரைஸ்ட்சர்ச்சுக்கு உரிமம் கொடுப்பதாக இருந்தால், பெர்த்திடம் அன்று கேட்ட பயணச் செலவை அவர்களிடம் கேட்காதீர்கள். முதல் ஐந்தாறு ஆண்டுகள் அந்த அணி அட்டவணையின் அடியில் கிடந்தாலும் அதைத் தாங்குவதற்கான நிதியை, முதல் ஆட்டத்துக்கு முன்பே ஒதுக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
துங்காபியிலிருந்து ஓர் ஈல்ஸ் ரசிகன்