போதைப்பொருள் பரிசோதனை கிட் வாங்கும் முன்: பெற்றோர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே பிள்ளைக்குப் போதைப்பொருள் பரிசோதனை செய்து பார்க்கலாமா என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம். ஆனால் அந்த முடிவை மட்டும் நம்பிப் பிள்ளையை விசாரிக்க உட்காராதீர்கள்.

எளிதில் கிடைப்பது சிறுநீர் ஸ்ட்ரிப். அதைப் படிப்பதிலேயே பலர் தவறிவிடுகிறார்கள். கர்ப்பப் பரிசோதனைக்கு இது நேர் எதிர். ஸ்ட்ரிப்பில் ‘சி’ (ஸ்ட்ரிப் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் இடம்), ‘டி’ (போதைப்பொருளைச் சோதிக்கும் இடம்) என இரண்டு இடம் இருக்கும். இரண்டிலும் கோடு விழுந்தால் நெகட்டிவ். ‘டி’ கோடு எவ்வளவு மங்கலாகத் தெரிந்தாலும் நெகட்டிவ்தான். ‘சி’ மட்டும் விழுந்து ‘டி’ வெறுமையாக இருந்தால் பாசிட்டிவ். ‘சி’ கோடே விழவில்லை என்றால் அந்த ஸ்ட்ரிப் செல்லாது, வேறொன்றில் பாருங்கள். பெரும்பாலான கிட்டுகளில் ஐந்து நிமிடத்தில் பார்க்க வேண்டும். அட்டையில் போட்டிருக்கும் நேரம் கடந்து பார்த்த முடிவைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

நெகட்டிவ் வந்தால் உடலில் எதுவுமே இல்லை என்று பொருளல்ல. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எல்லை உண்டு; சிறுநீரில் அந்த அளவை எட்டினால்தான் பாசிட்டிவ் காட்டும். கஞ்சாவுக்கு வழக்கமாக மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம். நிறையத் தண்ணீர் குடித்தாலே அளவு அதற்குக் கீழே இறங்கிவிடும். இதைப் பிடிக்கத்தான் லேபில் கிரியாட்டினினையும் (சிறுநீரில் இயல்பாகவே வெளியேறும் கழிவுப்பொருள்) பார்க்கிறார்கள். டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மாதிரி நீர்த்தது என்று சந்தேகிப்பார்கள். அப்போதே எடுத்த சிறுநீர்தானா என்று அறிய, மாதிரி கைக்கு வந்த நான்கு நிமிடத்துக்குள் வெப்பநிலையும் பார்ப்பார்கள். 32 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும்.

பாசிட்டிவும் ஏமாற்றும். சளி மாத்திரையில் உள்ள சூடோஎஃபெட்ரின், ஆம்ஃபெட்டமைன் என்ற ஊக்கப் போதைப்பொருளுக்கான பட்டையில் பாசிட்டிவ் காட்டக்கூடும். கோடீன் கலந்த இருமல் சிரப், ஏன், கசகசாகூட ஓபியேட் (அபின் வகை) பட்டையில் பாசிட்டிவ் காட்டலாம். மறுபக்கம், அதே ஓபியேட் பட்டை, செயற்கை வலிநிவாரணிகளான டிராமடாலையோ ஃபென்டனிலையோ பிடிக்காது. அவற்றுக்குத் தனிப் பட்டை வேண்டும். பசை, ஒயிட்னர் முகர்வதை இந்த ஸ்ட்ரிப்புகள் எதுவும் காட்டாது.

மற்ற முறைகளும் உண்டு. எச்சில் பரிசோதனை பெரும்பாலும் கடந்த ஓரிரு நாளைத்தான் காட்டும். எடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்பிருந்து வாயில் எதுவும் போடக் கூடாது. இரத்தத்தில் பல பொருள்கள் சில மணி நேரம் முதல் ஓரிரு நாள் வரைதான் தெரியும். சிறுநீரில் பெரும்பாலானவை சில நாள். தினமும் கஞ்சா புகைப்பவருக்கு மட்டும் ஒரு மாதம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் நீளலாம். ஆகவே இன்று பாசிட்டிவ் என்றால் நேற்றுப் புகைத்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. தலைமுடியை வேரோரம் வெட்டி எடுத்த நான்கு சென்டிமீட்டர் ஏறத்தாழ மூன்று மாதத்தைக் காட்டும். ஆனால் கடைசி ஒரு வாரம் அதில் வராது. முடியை ப்ளீச் செய்திருந்தால் அளவு குறைந்துவிடும்.

பிள்ளைக்குத் தெரியாமல் மாதிரி எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. என்னென்ன மருந்து சாப்பிட்டான் என்று கேட்காமல் பாசிட்டிவுக்குப் பொருள் கண்டுபிடிக்கவே முடியாது.

வீட்டு ஸ்ட்ரிப் முடிவை வைத்துப் பள்ளி எந்த நடவடிக்கையும் எடுக்காது. பாசிட்டிவ் வந்தால் மருத்துவரிடம் காட்டி, ஜி.சி.-எம்.எஸ். அல்லது எல்.சி.-எம்.எஸ். முறையில் (எந்தப் பொருள் என்று துல்லியமாகக் காட்டும் ஆய்வகச் சோதனைகள்) உறுதி செய்யச் சொல்லிக் கேளுங்கள். போகும்போது, கடந்த இரண்டு வாரத்தில் பிள்ளை சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் சிரப் பாட்டில்களையும் கையோடு கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்