மேசன் ஊரின் வானொலிக் கோபுரம்

அன்புள்ள ராமு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் நிம்மதி. நான் ஒஹாயோவில் மகன் வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. மொட்டை மாடியில் ஏரியல் கட்டி சிலோன் ரேடியோ பிடித்தவன் நீ, அதனால் உனக்குத்தான் இதை முதலில் சொல்ல வேண்டும்.

இந்த மேசன் ஊரில் ஒரு பெரிய கோபுரம் நிற்கிறது. நடுவில் அகன்று, மேலும் கீழும் கூம்பி, அடிமுனை ஒன்றிலேயே நிற்கிறது, கம்பிகள்தான் இழுத்துப் பிடித்திருக்கின்றன. டபிள்யூஎல்டபிள்யூ என்ற சின்சினாட்டி வானொலி நிலையத்தின் கோபுரம் அது, மீடியம் வேவில் 700 கிலோஹெர்ட்ஸ். 1922-இல் தொடங்கியவர் பவல் கிராஸ்லி. மகனுக்கு ரேடியோ வாங்கப் போய், விலையைக் கேட்டு மலைத்து, தானே ஒன்று செய்து பார்த்து, அப்புறம் சாதாரண ஜனங்கள் வாங்கும் விலையில் செய்து விற்கவே ஆரம்பித்துவிட்டார். மலிவுப் பெட்டிக்கு அலையை இழுக்கும் திறன் குறைவு இல்லையா, அதற்கு நிலையத்தின் சக்தியைக் கூட்டிக்கொண்டே போனார்! 1934 மே மாதம் 5,00,000 வாட். மற்ற பெரிய நிலையங்களுக்கெல்லாம் 50,000தான் உச்சவரம்பு. ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில் இருந்தபடியே பொத்தானை அழுத்தித் தொடங்கிவைத்தார். சுற்றுவட்டாரப் பண்ணைகளில் தகரக் கூரையும் வேலிக்கம்பியும் பேசின என்று இன்றும் சொல்கிறார்கள். டொரண்டோவில் பக்கத்து அலைவரிசையான 690-இல் இருந்த நிலையத்துக்கு ராத்திரியில் இது பெரிய தொந்தரவு. 1939 மார்ச்சில் பழையபடி 50,000-க்கு இறக்கிவிட்டார்கள்.

இப்போது பேச்சும் செய்தியும் ரெட்ஸ் அணியின் பேஸ்பால் வர்ணனையும்தான். ஒரு காலத்தில் விடிய விடிய லாரி ஓட்டுநர்களுக்கென்றே பேசிக்கொண்டிருந்தார்கள். சூரியன் இறங்கியதும் மீடியம் வேவ் வானத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் போகுமே, தனியாக ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டுபவனுக்கு ஊர் மாறினாலும் அதே குரல் கூடவே வந்திருக்கும். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது ராமு, அந்த 5,00,000 வாட்டைவிட.

மகன் வாங்கிய புது மின்சாரக் காரில் மீடியம் வேவே கிடையாது. மோட்டார் இரைச்சல் கலந்துவிடுமாம். கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறது, வண்டிக்குள் அதன் குரல் இல்லை, மனசு கேட்கவில்லை. பழைய சாமான் கடையில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் வாங்கித் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.

உன் மர்ஃபி செட் பரணில் இருந்தால் இறக்கித் துடைத்து வை. தை மாதம் வருகிறேன், ஒரு ராத்திரி உட்கார்ந்து முள்ளை மெல்லத் திருப்பிப் பார்ப்போம்.

உன்,
சேகர்