காலையில் போட்டது ராத்திரி வரை

கொழிஞ்சாம்பாறை

கண்ணு,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். காலையில் போட்ட மேக்கப் ராத்திரி வரை நிற்க என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். பார்லரிலேயே வளர்ந்தவள், பவுடர் டப்பாவைக் காட்டினாலே ஓடுவாய். இப்போது நீயாகக் கேட்கிறாய். சந்தோஷம்தான்.

நம் ஊர்க் கணக்கு கொச்சிக்கு ஆகாது. இங்கே மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்தால் உதடு வெடிக்கும், கிரீமை அப்பிப் பழகிவிட்டோம். அங்கே வெளியே புழுக்கம், கடைக்குள் ஏசி. ஜெல் மாதிரி மாய்ஸ்சரைசர் கொஞ்சம் போதும். மேலே சன்ஸ்கிரீன். அது முகத்தில் ஊற ஐந்து, பத்து நிமிஷம் விடு. நீ எங்கே விடப் போகிறாய்? ஈரத்தோடு பவுண்டேஷனைத் தேய்ப்பாய், பதினோரு மணிக்கு மூக்கோரம் திரிதிரியாக உருண்டு வரும். அந்த நேரத்தில் தலை சீவு, டிபன் கட்டு.

பவுண்டேஷனைத் தேய்க்காதே, நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் ஒற்று. மெல்லிசாக ஒரு பூச்சு, வேண்டிய இடத்தில் மட்டும் இன்னொன்று. கனமாகப் போட்டதுதான் முதலில் வெடிக்கும். பவுடர் நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும். மத்தியானம் எண்ணெய் வழிந்தால் டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டு அப்புறம் காம்பாக்ட் போடு. எண்ணெய் மேலேயே போட்டால் சேறுதான். லிப்ஸ்டிக்கைப் போட்டு, டிஷ்யூவைக் கவ்வி, மறுபடி ஒரு பூச்சு. காஜல் கோட்டின் மேல் கறுப்பு ஐ ஷேடோவை ஒற்றினால் கீழே இறங்காது. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தால் எதுவும் நிற்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் கல்யாணத்துக்கு நான்தான் போட்டேன். தாலி கட்டும்போது அப்படி அழுதாய், மை ஒரு சொட்டு இறங்கவில்லை. இன்னமும் சித்தூர்க்காரர்கள் அதைச் சொல்லித்தான் என்னிடம் பெண்ணைக் கூட்டி வருகிறார்கள்.

கன்சீலர் கேட்டாய். கண்ணுக்குக் கீழே கறுப்பை மறைக்க ஆரஞ்சு. சிவப்பை மறைக்கத்தான் பச்சை. நீ கேட்டது பச்சை. பரு என்றாய். சரி. பருவுக்கென்றால் ஊசிமுனை அளவு வைத்து, ஓரத்தைக் கரைத்து, மேலே உன் நிறத்துக்கானதை ஒற்ற வேண்டும். ஒரு டியூப் வருஷக்கணக்கில் வரும். பெரிய டியூப் கிடைக்குமா என்று கேட்டாயே, அதுதான் எனக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மணி பத்தரை. கடை லீவு. முகத்தில் பவுண்டேஷன் அப்படியே இருந்தது. மாப்பிள்ளை குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். அம்மிச்சிக்குக் கண் சரியாகத் தெரியாது, அவளே "புள்ள ஏன் ஒரு பக்கமாவே காட்டறா" என்றாள். நெட்வொர்க் என்று சொல்லி வைத்தேன்.

போட்டதை அழிக்காமல் படுக்காதே. விடிய விடிய ஆடுகிற கதகளிக்காரர்களே ஆட்டம் முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தடவி அத்தனையையும் எடுத்துவிடுகிறார்கள், உனக்கென்ன? எண்ணெய் தடவு, பஞ்சால் துடை, அப்புறம் கட்டாயம் ஃபேஸ்வாஷ். எண்ணெயை அப்படியே விட்டால் நிஜமாகவே பரு வரும்.

கடையில் உட்கார விடுகிறார்களா? ஜவுளிக்கடைப் பெண்கள் போராடித்தான் 2018-ல் கேரளத்தில் உட்காரச் சட்டம் வந்தது. கால் வலித்தால் ஸ்டூலைக் கேட்டு வாங்கு. வீட்டிலும் சும்மா பொறுத்துக்கொண்டு இருக்காதே. வாயில்லாப் பிள்ளையாக உன்னை வளர்க்கவில்லை.

கொங்கன் படைத் திருவிழாவுக்கும் நீ வரவில்லை. விஷுவுக்காவது வா. மாப்பிள்ளைக்கு லீவு இல்லையென்றால் நீ மட்டும் வா. பச்சையை இங்கேயே பார்த்து வாங்கலாம், ஒன்றும் போடாத முகத்தில் பார்த்தால்தான் எனக்குத் தெரியும். பாலக்காட்டில் இறங்கியதும் போன் பண்ணு, எந்த நேரமானாலும் அப்பா வண்டியோடு வருவார். விஷு வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்றும் இல்லை.

அம்மா