வெள்ளிக்கிழமைக்குச் சிறு மெழுகுவத்தி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

எட்டு இரவுகள் விளக்கேற்றும் யூதர்களின் ஹனுக்கா பண்டிகை பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். கூடவே அச்சாகியிருந்தது ஏழு கிளை விளக்கின் படம். அது எருசலேம் ஆலயத்து மெனோராவின் வடிவம். ஹனுக்காவுக்கு வீட்டில் வைக்கும் ஹனுக்கியா என்ற விளக்கில் எட்டுச் சுடர்கள் ஒரே மட்டத்தில் நிற்கும். அவற்றை ஏற்றுவதற்கான ஒன்பதாவது சுடர் ஷமாஷ். அது மட்டும் சற்று உயர்ந்தோ விலகியோ இருக்கும்.

‘தினம் ஒரு மெழுகுவத்தி’ என்பதும் தவறு. முதல் இரவு ஒன்று, மறுநாள் இரண்டு, எட்டாம் இரவு எட்டு. ஒவ்வொரு நாளும் ஒரு ஷமாஷ் சேர்த்தால் மொத்தம் 44. வலக்கோடியில் தொடங்கி இடப்பக்கமாக நட்டு வர வேண்டும். ஆசி கூறிய பின், அன்று புதிதாக நட்டதை முதலில் ஏற்றி, வலப்பக்கமாகப் போக வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது வெள்ளிக்கிழமையில்தான். இருட்டிய பின் குறைந்தது அரை மணி நேரம் சுடர் நிற்க வேண்டும் என்பது விதி. மற்ற நாள்களில் இருட்டிய பின் ஏற்றினால் சிறு மெழுகுவத்தியே போதும். வெள்ளியன்றோ, சூரியன் மறையும் முன்பே சப்பாத் (யூதர்களின் வாராந்திர ஓய்வுநாள்) விளக்கை ஏற்றியாக வேண்டும். அதற்குப் பிறகு நெருப்பைத் தொடக்கூடாது. எனவே ஹனுக்கா விளக்கை அதற்கும் முன்னால் ஏற்றுவார்கள். வெளிச்சம் இருக்கும்போதே ஏற்றிய சுடர், நட்சத்திரங்கள் தெரிந்த பின்னும் அரை மணி தாக்குப்பிடிக்க ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் எரிய வேண்டும். பெட்டியில் வரும் சிறியவை அரை மணியிலேயே அடங்கிவிடும். நீளமான மெழுகுவத்தியோ, கண்ணாடிக் கிண்ணத்தில் ஆலிவ் எண்ணெயும் பஞ்சுத்திரியுமோ வேண்டும். எண்ணெய் எவ்வளவு பிடிக்கும் என்பதை முன்கூட்டியே ஒரு கிண்ணத்தை எரித்து, மணி பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

விளக்கு வாங்கும்போது குழிகளுக்கிடையே ஒரு விரற்கடையாவது இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். நெருக்கமாக இருந்தால் ஒன்றின் சூட்டில் அடுத்தது இளகிச் சாய்ந்து, இரு சுடரும் ஒன்றாகிவிடும். அப்படிக் கலந்தவை கணக்கில் சேராது. நடும்போது அடியைச் சற்று உருக்கி, குழியில் அழுத்திப் பிடித்தால் ஆடாது. குழியில் உறைந்த மெழுகைக் கத்தியால் சுரண்டினால் பித்தளையில் கீறல் விழும். வெந்நீர் ஊற்றினால் இளகி வந்துவிடும். அந்த நீரைக் கழுவுதொட்டியில் கொட்டாதீர்கள், குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

காற்றடிக்கும் ஜன்னலில் வைத்து அணைந்துபோனால், வைத்த இடமே பிசகு என்பதால் மீண்டும் ஏற்ற வேண்டும். காற்றில்லாத இடத்தில் தற்செயலாக அணைந்தால் கட்டாயமில்லை. ஆனாலும் ஆசி கூறாமல் ஏற்றுவது வழக்கம். வெள்ளி இரவில் அதற்கும் வழியில்லை.

இப்படிக்கு,
வாசகர்கள்