கோடு போட்டு முடிச்சப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொகுதி எல்லையைப் புதுசா வரையற மறுவரையறை பத்தி தினம் ஏதாவது ஒரு செய்தி போடுறீங்க, எல்லாமே நம்ம 39 சீட்டு நிக்குமா குறையுமாங்கற கணக்குதான். அது பெரிய விஷயம், இல்லேங்கல. ஆனா அந்த 39 அப்படியே இருக்கும்போதே 2008ல எங்க மாவட்டத்துக்கு என்ன ஆச்சுன்னு யாரும் பேசக் காணோம்.

2004 எலெக்‌ஷன் வரைக்கும் புதுக்கோட்டைன்னு ஒரு எம்பி தொகுதி இருந்துச்சு. அதை எடுத்துட்டு, புதுக்கோட்டையும் கந்தர்வக்கோட்டையும் திருச்சிக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு, எங்க விராலிமலை கரூருக்குன்னு கூறு போட்டுட்டாங்க. ஒரு மாவட்டம், ஒரு கலெக்டர், நாலு எம்பி. 2009ல மைக் கட்டுன ஜீப் எங்க தெருவுல "கரூர் பாராளுமன்றத் தொகுதி வாக்காளப் பெருமக்களே"ன்னு வந்தப்ப எங்கம்மா வாசல்ல நின்னுக்கிட்டு "ஏன்டா வழி தெரியாம வந்துட்டானா"ன்னு கேட்டாங்க, எனக்கே அப்பதான் முழுசா உறைச்சுது.

ஆட்சேபனை சொல்ல வழியே இல்லையான்னா, இருந்துச்சு. 2002 மறுவரையறைச் சட்டத்துல, எந்த ஊரு எந்தத் தொகுதிங்கற வரைவை கெஜட்ல போடணும், பொதுமக்கள்ட்ட கருத்து கேட்கணும், கூட்டம் நடத்தணும்னு இருக்கு, ஆனா அந்தக் கூட்டம் எங்க, எத்தனைங்கறது கோடு போடுற மறுவரையறை கமிஷன் இஷ்டம், ஒண்ணு நடத்தினாலும் போதும். கூத்து என்னன்னா, ரெண்டு உள்ளூர் மொழிப் பேப்பர்ல போடு, ரேடியோ டிவில சொல்லு, மாவட்டத் தேர்தல் அலுவலகத்துல ஒட்டுன்னு கட்டாயமா சொல்றது வரைவுக்கு இல்ல சார், இறுதி உத்தரவுக்கு! அந்த உத்தரவைக் கோர்ட்டுல கேள்வி கேக்கக் கூடாதுன்னும் அதே சட்டத்துல இருக்கு. கல்யாணம் முடிஞ்சு பத்திரிகை வைக்கற கதைதான் இது. கமிஷன்ல கூட உக்காருற எம்பி, எம்எல்ஏக்களுக்கும் ஓட்டுரிமை கிடையாது, அப்ப நம்மள யாரு கேக்கப்போறா.

அடுத்த மறுவரையறைக்குப் புதுசா சட்டம் போட்டாகணும், அதுலயாவது இதை மாத்தச் சொல்லி நம்ம கட்சிக்காரங்க கேக்கணும். வரைவு வந்ததும் எந்த ஊரு எந்தத் தொகுதின்னு தமிழ்ல, மேப்போட, ஒவ்வொரு ஊராட்சி ஆபீஸ்லயும் ஒட்டணும், கிராம சபைல படிக்கணும். கூட்டம் ஒவ்வொரு தாலுகாவுலயும் நடக்கணும், கூலி வேலைக்குப் போறவன் ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு பஸ் ஏறி வருவானா. மனு கொடுத்தவனுக்கு ஏன் ஏத்துக்கல, ஏன் தள்ளிட்டோம்னு பதில் வரணும்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரைவு வர்ற அன்னிக்கு டெண்டர் விளம்பரத்துக்குப் பக்கத்துல பொடி எழுத்துல போட்டுறாதீங்க, மாவட்டப் பக்கத்துல ஊர்ப் பேரோட, எங்கம்மா மாதிரி ஆளுங்க கண்ணாடி இல்லாமப் படிக்கற சைஸ்ல போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், விராலிமலை